ஊசி போட்ட கை

எனக்கு ரத்தப் புற்றுநோய். மருந்து ஏற்றும் டாக்டர் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஃப்ளூ தடுப்பூசி என் உடம்பில் சரியாக வேலை செய்யாது. கூட இருப்பவர் போட்டுக்கொண்டால்தான் எனக்குக் காவல். எனக்குக் காய்ச்சல் தொற்றினால் உயிருக்கே ஆபத்து. கூட இருப்பவர் என்று எனக்கு இருப்பது என் வீட்டுக்காரர் தங்கராஜு ஒருத்தர்தான்.

அவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. வயதானவர்கள் உடம்பில் ஊசி அவ்வளவாகப் பிடிக்காதாம், உடற்பயிற்சி செய்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கலாமாம். கெலுகோரில் பல்கலைக்கழகக்காரர்கள் அதைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். இவரும் அந்த ஆய்வுக்குப் பேர் கொடுத்துவிட்டார். டிவி ரிமோட்டை எடுத்துத் தரவே என்னைக் கூப்பிடுகிற மனுஷர், காலையில் பூங்காவில் வேக நடை நடந்தார், மாலையில் ரப்பர் பட்டையை இழுத்து மூச்சு வாங்கினார். மல்யுத்தத்துக்குப் போகிறீர்களா என்று கேலி செய்தேன். உள்ளுக்குள் பெருமைதான். எனக்காக அவர் இப்படி வியர்த்து நான் பார்த்ததில்லை.

அது போதாதென்று எனக்குக் குணமாகத் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாகவும் வேண்டிக்கொண்டார். மார்கழியில் விரதம் தொடங்கினார். அந்த வாரமே ஆய்வுக்கான ஊசியைப் போட்டுக்கொள்ளப் பக்கத்து கிளினிக்குக்குப் போய், கையில் பிளாஸ்டரோடு வந்தார். வலிக்கிறதா என்று கேட்டு ஒத்தடம் கொடுத்தேன். ஊசி பிடிக்க இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அது கழிந்ததும், அதுவரை தனி அறையில் முகமூடியோடு படுத்திருந்த நான், மறுபடி அவர் பக்கத்தில் படுத்தேன்.

தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் அவருடைய ரத்தப் பரிசோதனை முடிவு கேட்க இருவரும் கெலுகோருக்குப் போனோம். நர்ஸ் நோர்மா கணினித் திரையை இரண்டு தரம் பார்த்தாள். குழுவிலேயே நன்றாகப் பயிற்சி செய்தவர் இவர்தான், ஆனால் ஊசிக்கு முன்னும் பின்னும் ரத்தம் ஒரே மாதிரி இருக்கிறது, எதிர்ப்புச் சக்தி துளிகூட ஏறவில்லை என்றாள். எந்தக் கையில் போட்டார்கள் என்று கேட்டாள்.

அவர் இடது கையைக் காட்டினார். நான் ஒத்தடம் கொடுத்தது வலது கைக்கு.

அவர் முகத்தையே பார்த்தேன். அவர் தலை குனிந்துகொண்டார்.

"முட்டை அலர்ஜி இருக்கான்னு அந்த கிளினிக்ல ஊசி போடுற மிஸ்ஸி கேட்டுச்சு. ஏன்னு கேட்டா, இந்த ஊசிய முட்டையில வளத்துதான் செய்றாங்களாம். விரதத்துல எப்படிலா அத உடம்புல ஏத்திக்கிறது? எழுந்து வந்துட்டேன்."

"பிளாஸ்டரு?"

"கடையில வாங்குனேன். பூசம் முடிஞ்சதும் போட்டுக்கலாம்னு இருந்தேன், வள்ளி. உனக்காகத்தானே வேண்டிக்கிட்டேன்."

எனக்காக. அந்த ஒரு சொல்தான் என்னை அடித்துப் போட்டது. முட்டை படாமல் எனக்காக முருகனைக் கும்பிட்டவர், வெறும் பிளாஸ்டரை நம்ப வைத்து என்னைப் பக்கத்தில் படுக்க விட்டிருக்கிறார்.

வெளியே வந்து, வழக்கம்போல் எனக்காகக் காரின் முன்கதவைத் திறந்து பிடித்தார். அப்போது இருமினார். காலையிலும் இருமினார், வீட்டுத் தூசி என்று நினைத்திருந்தேன்.

பையிலிருந்து முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். பின்கதவைத் திறந்து உட்கார்ந்து, கண்ணாடியை முழுதாக இறக்கினேன். முன்கதவைப் பிடித்தபடி அவர் அங்கேயே நின்றிருந்தார்.