மூன்றாம் அங்கத்தில் நின்றவர்

போலந்தில் 1972ஆம் ஆண்டு எரிந்துபோன ஓல்ஷ்னிக் நகர அரங்கு, பதினொரு வருடம் கழித்து, ரொறொன்ரோ பார்க்டேலில் ஒரு பதினாலாம் மாடி அப்பார்ட்மென்டில் வந்து சேர்ந்தது. முதலில் வரவேற்பறையில் இரண்டு வரிசைச் சிவப்பு நாற்காலிகள். அடுத்த குளிர்காலத்தில் பார்வையாளர் மாடமும் அதில் செதுக்கிய சிறகுள்ள சம்மனசுகளும். மூன்றாம் வருடம் சுவர் விலகி மேடைக்கு இடம் விட்டது. வெளியிலிருந்து பார்த்தால் கட்டடம் பழைய அளவேதான். நிர்வாகம் ஆளனுப்பி அளந்து பார்த்து, புகை எச்சரிக்கைக் கருவி ஒன்றைக் கூடுதலாக மாட்டிவிட்டுப் போனது.

அரங்குக்கு அலைச்சல் புதிதல்ல. 1801இல் ஆற்றங்கரையில் மரத்தால் எழுப்பினார்கள், எரிந்தது. செங்கல்லால் கட்டினார்கள், முதல் யுத்தத்தில் குண்டு விழுந்தது. மறுபடியும் கட்டினார்கள், இன்னும் பெரிதாக, வெள்ளைத் தூண்களோடு. இரண்டாம் யுத்தத்தில் அந்நியப் படை உள்ளே குதிரை கட்டியது. குதிரைகள் போன மறுமாதமே சனங்கள் சாணத்தை அள்ளிக் கொட்டிவிட்டு நாடகம் போட்டார்கள். அப்படிப் பிடிவாதம் பிடித்தவர்கள். 1972 தீக்குப் பிறகுதான் அந்த இடத்தில் சீமெந்தும் கண்ணாடியுமாக வேறொன்று எழும்பியது. நிற்க இடமில்லாத பழைய அரங்கு, தன்னை மனப்பாடமாக அறிந்த ஒருத்தியைத் தேடி வந்தது.

அந்த ஒருத்தி, தீக்குப் பிறகு ரொறொன்ரோவுக்குக் குடிவந்திருந்த றெஜினா. நடிகர்கள் மறக்கும் வசனத்தை மேடைக்கு அடியிலிருந்து எடுத்துக்கொடுப்பது அவருடைய வேலை. தீப்பிடித்த அன்று, மூன்றாம் அங்கத்தில், அவருடைய கணவர் அகஸ்ரின் வசனத்தை மறந்து நின்றார். பதற்றத்தில் றெஜினா நாடகப் பிரதியைக் கைதவற விட்டார். குனிந்து எடுத்து வாயைத் திறக்குமுன் திரைச்சீலை பற்றிக்கொண்டது. மற்ற எல்லோரும் தப்பினார்கள். அகஸ்ரினின் ஒரு எலும்புகூடக் கிடைக்கவில்லை. கிடைக்காது. அவர் மேடையோடு சேர்ந்து பார்க்டேலுக்கு வந்திருந்தார், வலக்கையை உயர்த்தி, வாயைப் பாதி திறந்தபடி. றெஜினா தினமும் வசனத்தை எடுத்துக்கொடுத்தார். அகஸ்ரினுக்குக் கேட்கவில்லை. இப்படியே நாற்பது வருடம் போனது.

தொண்ணூறாவது வயதில் றெஜினாவுக்குப் பாரிசவாதம் வந்து பேச்சும் கால்களும் போயின. அடுத்த வாரமே, வேண்டுமென்று செய்ததுபோல, அந்தப் பிரதி வந்து அவர் மடியில் விழுந்தது. அரங்கிலிருந்து கடைசியாக வந்த பொருள் அதுதான். அதே வாரம் அவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மங்கையற்கரசி வந்தாள். வோபர்னிலிருந்து பஸ்ஸும் சப்வேயும் மாறி வருவாள். அகஸ்ரினுக்கு “குட் மோர்னிங் அங்கிள்” சொல்லி, தோளில் படிந்த தூசியைத் தட்டிவிட்டுத்தான் தேத்தண்ணி வைப்பாள். செத்தவரோ உயிரோடு இருப்பவரோ, தூசி தூசிதானே.

றெஜினா அசையும் ஒரு கையால் பிரதியைத் தரையில் தள்ளிவிடுவார். மங்கையற்கரசி பாய்ந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

“என்ன அன்ரி, புத்தகம் நிலத்திலை கிடக்கலாமோ? சரஸ்வதி கோவிப்பா.”

றெஜினா அழுவார். தன் மரியாதையைக் கண்டு மனுசி உருகிப்போகிறார் என்று மங்கையற்கரசி நினைத்தாள். ஒரு நாளைக்கு இருபது தடவை, ஒன்றரை வருடம். இதைவிடப் பக்தியாக யாரும் ஒரு பிழையைச் செய்திருக்க முடியாது.

றெஜினாவுக்கு இன்னும் ஒரு கிழமைதான் என்று டாக்குத்தர் சொன்ன அன்று, கல்கரியிலிருந்து மகள் ஏஞ்சலா வீடியோவில் வந்தாள். பிரதி விழுவதையும் மங்கையற்கரசி எடுப்பதையும் பார்த்து, “அம்மாவின் நாடக ஆட்கள் விழுந்த பிரதியை மிதித்துவிட்டுத்தான் எடுப்பார்கள். மிதிக்காவிட்டால் நாடகம் கெட்டுப்போகும் என்பார்கள்” என்றாள். சும்மா சொன்ன பேச்சு. ஆனால் றெஜினா மங்கையற்கரசியின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மங்கையற்கரசிக்கு அப்போதுதான் விளங்கியது: தீப்பிடித்த அன்று றெஜினா மிதிக்காமல் எடுத்திருக்கிறார், ஒன்றரை வருடமாகத் தானும் அதையே செய்கிறாள். அந்த மனிதர் இன்னும் நிற்பதற்குத் தானும் ஒரு காரணம்.

வீட்டில் கணவர் இராஜரட்ணத்திடம் சொன்னாள்.

“உது வெறும் கடதாசி எண்டு நினைச்சு மிதியன்” என்றார் அவர்.

“அப்ப நீங்கள் வந்து மிதியுங்கோ.”

“நானோ? சிவ சிவா.”

மறுநாள் மத்தியானம் றெஜினாவின் மூச்சு இழுக்கத் தொடங்கியது. பிரதி தரையில் கிடந்தது. மங்கையற்கரசி குளியலறைக்குப் போய், கோயிலுக்குள் போகுமுன் கழுவுவதுபோலக் கால் இரண்டையும் கழுவினாள். துடைக்கவில்லை. “தாயே, பொறுத்துக்கொள்” என்று சொல்லி, வலது பாதத்தை அட்டைமேல் வைத்தாள். பிறகு குனிந்து எடுத்தாள், கண்ணில் ஒற்றாமலும் இருக்க முடியவில்லை. பிரதியை றெஜினாவின் மடியில் வைத்தாள்.

றெஜினா பேசினார். ஒன்றரை வருடமாக வராத குரல், தெளிவாக, ஒரேயொரு வரி. கதவைத் திற, வெளியே பனி கொட்டுகிறது என்பது அதற்கு அர்த்தமென்று ஏஞ்சலா பிறகு சொன்னாள். அகஸ்ரின் உயர்த்திய கையை இறக்கினார். ஏழு நிமிடம் பேசினார். மங்கையற்கரசிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனாலும் அழுதாள். மாடத்தில் யாரோ கைதட்டினார்கள். அகஸ்ரின் மூன்று தடவை குனிந்து வணங்கி, மனைவியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பக்கவாட்டில் இறங்கிப் போனார். திரை விழுந்தது. அது மறுபடி எழும்புமுன் றெஜினாவும் போய்விட்டார்.

அரங்கு இப்போதும் அங்கேதான் இருக்கிறது. புதிதாகக் குடிவந்தவர்கள் மாடத்தில் சைக்கிள் வைத்திருக்கிறார்கள். பிரதியை ஏஞ்சலா மங்கையற்கரசியிடமே கொடுத்துவிட்டாள். அட்டையில் பதிந்த ஈரப் பாதம் இன்றுவரை காயவில்லை. வோபர்ன் வீட்டில், சரஸ்வதி படத்தடியில், மற்றப் புத்தகங்கள் நனையாதபடிக்கு அதை ஒரு எவர்சில்வர் தட்டில் தனியாக வைத்திருக்கிறாள்.