முட்டம் கிளைக்குப் பன்னிரண்டு பேர்

திர்சா அழகுநிலைய நிறுவனத்தின் பதின்மூன்றாவது கிளை, முட்டத்துப் பாறைமேல் நிற்கும் சொகுசு விடுதிக்குள் திறக்கப்படவிருந்தது. அதன் மேலாளர் நாற்காலி பூங்கனிக்கே என்று முதலாளி ஜினிஷா வாக்குக் கொடுத்திருந்தாள். ஒன்றை மட்டும் கேட்டிருந்தாள். வாசலில் நின்று விருந்தினரை வரவேற்கப் பன்னிரண்டு பெண்களைப் பூங்கனி தேர்ந்தெடுக்க வேண்டும்; அவர்கள் விடுதிக்காரர்களின் கண்ணுக்குப் பிடிக்க வேண்டும்.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் திர்சா என்பது இரணியலில் ஒரு துணிக்கடையின் மாடி அறை. ஒரே சபையைச் சேர்ந்த இரு பெண்கள், ஒரு கண்ணாடி, ஒரு சுழல் நாற்காலி. ஜினிஷா பேசுவாள், பூங்கனி செய்வாள். மணப்பெண்ணை அலங்கரிப்பதை இப்பகுதியில் ஒருக்குதல் என்பார்கள். குளச்சலானாலும் தேங்காய்ப்பட்டணமானாலும் முதல் பேருந்து பிடித்துப் போய்ப் பெண்ணை ஒருக்கிவிட்டு, கல்யாண வீட்டின் புறவாசலில் நின்று காப்பி குடித்துவிட்டுத் திரும்புவார்கள். எந்தக் கறுத்த முகத்தையும் நாலைந்து படி வெளுப்பாக்கிக் காட்டும் கை பூங்கனியுடையது. அந்தக் கையின்மேல்தான் தக்கலையும் மார்த்தாண்டமும் நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் கிளைகளாக எழும்பின. நீராவி அறைகள் வந்தன. பாரீஸ் வாசனைப் புட்டிகள் கண்ணாடிப் பேழைகளில் ஏறின. பூங்கனி மட்டும் அன்று நின்ற இடத்திலேயே, வாடிக்கையாளரின் தலைக்குப் பின்னால், நின்றுகொண்டிருந்தாள்.

முகப்பூச்சு நிறுவனம் அனுப்பிய நிற அட்டை ஒன்று எல்லாக் கிளைகளிலும் உண்டு. அதில் பத்துக் கட்டங்கள். முதலாவது பாலின் நிறம்; பத்தாவது புளியங்கொட்டையின் நிறம். வாடிக்கையாளரின் மணிக்கட்டில் வைத்து அவருக்கேற்ற பூச்சைக் கண்டறிவதற்காக வந்த அட்டை அது. ஜினிஷா அதற்கு வேறொரு வேலை கண்டுபிடித்தாள். ஆறு எண்ணுக்குள் நிறம் உள்ளவள் வாசலுக்கு. ஆறைத் தாண்டியவள் கால் கழுவும் அறைக்கு, அல்லது துண்டு துவைக்கும் கொட்டகைக்கு. எந்தத் தாளிலும் எழுதப்படாத சட்டம். எழுதிய சட்டங்களைவிட ஒழுங்காக நடந்த சட்டம்.

இரணியல் பயிற்சிக் கூடத்தில் ஆள் எடுப்பு நடந்தது. நண்பகலுக்குள் பதினொரு பேர் தேறிவிட்டார்கள். அடுத்து வந்தவள் மண்டைக்காட்டு அஸ்வதி. பட்டயப் படிப்பில் முதலிடம். துபாயில் இரண்டு ஆண்டு வேலை. மூன்று மொழி பேசுவாள்.

"கைய நீட்டு பிள்ளே," என்றாள் பூங்கனி.

அட்டையைப் பார்த்ததும் அஸ்வதி சிரித்துவிட்டாள். "இதென்னக்கா, சேலைக்கு மேட்சிங் பிளவுஸ் எடுக்கியளா?"

"பேசாம நில்லு. ஒம்பது. கால் ரூம்பு."

"கால் ரூம்பா? நான் முகத்துக்குப் படிச்சவளாக்கும். துபாய்ல எனக்க வேலையப் பாத்தாவ. நெறத்த ஒருத்தியும் அளக்கல்ல."

தேறியவர்களின் வரிசையிலிருந்து ஸ்மைலின் குரல் கொடுத்தாள். "ஏட்டி, துபாய்ல ஏசிலயா நின்ன? வெயில்லயா?"

கூடமே சிரித்தது. அஸ்வதி திரும்பிப் பார்க்கவில்லை.

"ரூல் அப்பிடி மக்கா," என்றாள் பூங்கனி, தணிந்த குரலில்.

"செரி. ஒங்களுக்க கைய வையுங்க பாப்போம். மானேஜர் எத்தனையாம் நம்பருன்னு நாங்களும் தெரிஞ்சுக்கிடலாம்லா."

பூங்கனி அட்டையைத் தன் மணிக்கட்டில் வைத்தாள். ஒன்பது. பதினான்கு ஆண்டுகள் பிறர் முகங்களை எண்ணிட்டவள் தன்னை எண்ணிட்டுப் பார்த்தது அதுவே முதன்முறை. வாசல் பட்டியலின் பன்னிரண்டாம் வரியில் அஸ்வதியின் பெயரை அழுத்தி எழுதினாள்.

மாலையில் ஜினிஷா வந்தாள். மேலாடையால் தோளை மறைக்கும் உரிமைக்காக அரசர் காலத்தில் அடிபட்ட பெண்களின் நினைவுவிழாவில் அன்று அவள்தான் சிறப்பு விருந்தினர். போர்த்திய பொன்னாடையோடு, கூடத்துக்கு மேலே பூங்கனி இருந்த மாடியறைக்கு ஏறி வந்து பட்டியலை எடுத்தாள். அவள் முகத்தில் காலையில் பூங்கனி பூசிய நான்காம் எண் நிறம் கலையாமல் இருந்தது. அதன் அடியில் இருப்பது எட்டு என்பது பூங்கனி ஒருத்திக்கே தெரியும்.

"இதாரு பன்னெண்டாவது?"

"நல்ல வேலைக்காரி."

"நெறம்?"

"ஒம்பது. எனக்க நெறம்."

ஜினிஷா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஏட்டி பூங்கனி, மானேஜர கொச்சிலேருந்து கொண்டு வாறோம்னு விடுதிக்காரனுவ ஒரே பிடியா நிக்கியானுவ. எனக்க பூங்கனிதான்னு சண்டை போட்டுற்று வந்திருக்கேன். இவளக் கொண்டு வாசல்ல நிறுத்தினா ஒன்னையும் சேத்துத் தள்ளுவானுவ."

"அப்ப என்னைய எப்பிடி நிறுத்துவ?"

"எனக்குப் போடுவல்லா, அதுபோல நீயும் போட்டுக்கோ. கழுத்து, கை, விரலு வரைக்கும். ஒருத்தனுக்கும் தெரியாது."

"அவளுக்கும் போட்டு நிறுத்தலாம்லா?"

"அவ போட்டுட்டு நிப்பாளா? கீழ ஸ்மைலின் எல்லாம் சொல்லிற்றா. அஸ்வதிக்க வாய் பொறுக்காது."

பூங்கனி அந்தப் பொன்னாடையைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "இன்னைக்கு மேடைல என்னத்தப் பேசின?"

"நம்ம பாட்டிமாரு வாங்கின அடியப் பத்தி."

"கை தட்டினாவளா?"

"எழும்பி நின்னு தட்டினாவ."

அரசன் சட்டம் போட்டு விதித்த இழிவை எதிர்த்து இம்மண்ணின் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். அதே இழிவைச் சம்பளம் போட்டு விதிக்கும்போது அவர்களின் பேத்திகள் விண்ணப்பத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். வரிசையை ஒழுங்குபடுத்தவும் அவர்களிலேயே ஒருத்தி கிடைத்துவிடுகிறாள்.

பூங்கனிக்கு இவை தெரியாதவை அல்ல. ஆனால் நின்று நின்று நரம்பு சுருண்ட கால்கள் அவளுடையவை. உட்கார ஒரு நாற்காலி, அதன் முன் ஒரு மேசை, "பூங்கனி எங்கே?" என்று கேட்காமல் "மேடம் இருக்காவளா?" என்று கேட்கும் ஒரு வாசல். இவற்றுக்கு மேல் அவள் எதையும் ஆசைப்பட்டதில்லை. பேனாவை எடுத்துப் பன்னிரண்டாம் வரியை அடித்தாள்.

கீழே அஸ்வதி காத்திருந்தாள். பூங்கனி இறங்கி வந்த விதத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கால் ரூம்புல இரு மக்கா. ஒரு வருசம் கழியட்டு, நான் பேசியேன்."

"ஒங்களுக்கு நாற்காலி கிட்டிற்றாக்கா?"

"கிட்டிற்று."

"கொள்ளாம், நல்லாருக்கு," என்ற அஸ்வதி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.

திறப்பு நாளன்று பூங்கனி ஒன்றரை மணி நேரம் தன்னை ஒருக்கினாள். நெற்றி முதல் விரல் நுனி வரை நான்காம் எண். கடற்காற்றின் ஈரத்தில் கழுத்துப் பூச்சு பிசுபிசுத்தது, துடைக்கக் கூடாது. போதகர் ஜெபித்தார், நாடா வெட்டப்பட்டது, முதல் விருந்தாளியாகத் திருவனந்தபுரத்து நகைக்கடைக்காரரின் மனைவி உள்ளே வந்தாள். மேலாளரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஜினிஷாவிடம் மலையாளத்தில் கேட்டாள்: "இவர் இந்த நாட்டுக்காரி அல்லல்லோ?"

"அல்ல, கொல்லமாக்கும்," என்றாள் ஜினிஷா, இமைக்காமல்.

அந்த அம்மாள் எந்த ஊர் என்று விசாரிக்கப் பூங்கனியிடம் திரும்பினாள். "கொல்லத்து எவிடயா?"

இரணியல் ரயில் நிலையத்துக்குப் பின்னால் பிறந்து, இரணியலில் திருமுழுக்குப் பெற்று, இரணியல் சபையில் மணமுடித்தவள் பூங்கனி. கொல்லத்தில் அவளுக்கு ஒரு வீடும் தெரியாது. எப்போதோ ரயிலில் கடந்தபோது பலகையில் படித்த ஒரு பெயர் நினைவுக்கு வந்தது.

"பரவூர், சேச்சி."

"அதாணு இந்த நிறம்," என்று மகிழ்ந்தாள் விருந்தாளி.

பூங்கனி தலைகுனிந்து நன்றி சொல்லி, கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்தாள்.