நான்கு கணினியும் ஒரு ராகுகாலமும்

ஹைதராபாத் கருத்தரங்கிலிருந்து திரும்பிய கஸ்தூரிரங்கன் கையோடு ஒரு சொல்லைக் கொண்டுவந்திருந்தார்: பேரலல், அதாவது எல்லா வேலையும் ஒரே நேரத்தில். அடையாறில் அவர் நடத்திய சர்வே நிறுவனத்தில் அன்று முதல் மின்விசிறிகூடப் பேரலலாகத்தான் சுற்றியது.

1999-இல் ஒரு வெள்ளிக்கிழமை. காபித்தூள் கம்பெனி ஒன்றுக்காக எடுத்த சர்வேயை 'ஆர்' என்ற இலவச மென்பொருளில் அலச வேண்டும். அங்கே தற்காலிக வேலையில் இருந்த மதுவந்தியின் திட்டம் எளிது. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு தரவுகளை மூன்று கணினிகள் ஒரே நேரத்தில் சுத்தம் செய்யும். மூன்றும் முடித்த பிறகு நான்காவது அவற்றைச் சேர்த்து அட்டவணை போடும். ஒரு மணிக்குக் கம்பெனிக்காரர் வருகிறார். அட்டவணை சரியாக இருந்தால் மதுவந்திக்கு வேலை நிரந்தரம். சொதப்பினால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் எல்லாம் தொடங்கியாக வேண்டும் என்று கஸ்தூரிரங்கன் நான்கு கணினிகளிலும் தாமே என்டர் தட்டினார். நான்காவது காத்திருக்க வேண்டும் என்று மதுவந்தி சொன்னதை, பேரலல் புரியாதவளின் பேச்சாக எடுத்துக்கொண்டார்.

நான்காவது கணினி சீக்கிரமே முடித்துவிட்டது. போன வாரம் ஒத்திகைக்காக மதுவந்தி மனம்போனபடி நிரப்பிய குட்டிக் கோப்புகள், மற்ற மூன்றும் தர வேண்டிய கோப்புகளின் பெயரிலேயே கிடந்தன, அவற்றைச் சேர்த்துவிட்டது. மயிலாப்பூரில் காபி குடிப்பவர் ஒருவர்கூட இல்லை என்றது அட்டவணை. மயிலாப்பூரிலேயே பிறந்து டிகிரி காபியில் வளர்ந்த கஸ்தூரிரங்கன் அதைப் படித்துவிட்டு, சமூக மாற்றம் என்றார்.

கணினிகளைப் பராமரிக்கும் கலீமுல்லா மதுவந்தியின் காதருகே குனிந்தார். "இன்னா மேடம், சோறு வேகறதுக்குள்ள பந்தி போட்டுக்கினு கீறாரு?"

பதினொன்றேகாலுக்கு மூன்று கணினிகளும் முடித்தன. சேர்ப்பதற்கு ஒரு மணி நேரமாவது ஆகும், அப்புறம் அச்சிட வேண்டும். பன்னிரண்டு வரை காத்திருந்தால் கதை கந்தல். ராகுகாலத்தில் எதையும் தொடங்கியதில்லை என்று கஸ்தூரிரங்கன் அசைய மறுத்தார்.

"நாம எங்க சார் தொடங்கறோம்?" என்றாள் மதுவந்தி. "நீங்க நல்ல நேரத்துல தொடங்கினது, தப்பான சாமானை எடுத்துண்டு ஓடிடுத்து. சரியான சாமானைக் குடுத்துத் திரும்ப அனுப்பறோம், அவ்ளோதான்."

அவர் மோட்டுவளையைப் பார்த்தார். "அப்போ முகூர்த்தம் என்னோடதுதானே?"

"சாட்சாத் உங்களோடது, சார்."

அவர் முகத்தில்தான் எத்தனை நிம்மதி. அவரே என்டர் தட்டினார்.

கம்பெனிக்காரர் படியேறும்போது கடைசித் தாள் அச்சாகி வந்தது. மயிலாப்பூர் மறுபடி காபி குடிக்கத் தொடங்கியிருந்தது. கஸ்தூரிரங்கன் பேரலல் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். வந்தவர் அட்டவணையை மட்டும் படித்தார். அடுத்த சர்வே மதுரையில், அதையும் இந்தப் பெண்ணே செய்யட்டும் என்றார். அவளை நிரந்தரமாக்கிவிட்டதாகக் கஸ்தூரிரங்கன் அந்த இடத்திலேயே அறிவித்தார், ஏதோ போன மாதமே செய்துவிட்டவர் போல.

மதுவந்தி வெளியே வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து தயிர்சாத டப்பாவைத் திறந்தாள். காலையிலிருந்து முதல் முறையாகப் பசித்தது.