ஹெல்மெட் போட்டவர் திருத்தலாம்

எலெக்ட்ரானிக் சிட்டியில் அந்த அலுவலகத்தின் பில்லிங் புரோகிராம், பச்சை எழுத்து மினுங்கும் அந்தக் காலத்துக் கணினி ஒன்றில் இருந்தது. அதைத் திருத்த ஒரே விதிதான்: மேசைமேல் இருக்கும் மஞ்சள் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டவர் திருத்தலாம், மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். என்றோ இரண்டு பேர் ஒரே நேரத்தில் சேமித்து, ஒருவர் வேலையை இன்னொருவர் வேலை விழுங்கிய நாளில் டீமின் மூத்தவர் ஓஸ்வால்ட் கண்டுபிடித்த ஏற்பாடு.

அந்த ஹெல்மெட்டை ஒழிக்கத்தான் தாரணி வந்திருந்தாள். டெஸ்டிங் டீமிலிருந்து இரவலாக வந்தவள். யார் எந்த வரியை மாற்றினாலும் மறக்காத ‘கிட்’ என்ற மென்பொருளோடு புரோகிராமை இணைத்து, இருவர் சேர்ந்து திருத்தினாலும் எதுவும் அழியாது என்று நாலு மணிக்குள் மேனேஜர் நிருபமாவுக்குக் காட்டினால் இந்த டீமில் இடம். இல்லையென்றால் பழைய டெஸ்டிங் நாற்காலி.

இணைப்பு முடிந்துவிட்டது. மணி மூன்றரை. ஹெல்மெட்டைத்தான் காணோம்.

“நம்ம டீம் பரத் போட்டுக்கினு வண்டில போய்ட்டான்,” என்றார் ஓஸ்வால்ட். “டோல்கேட்டுகிட்ட போலீஸ் புடிக்கிறாங்களாம்.”

“சார், இனிமே ஹெல்மெட்டே வேணாம். உங்களுக்கு ஒரு நகல், எனக்கு ஒரு நகல். அப்புறம் அதுவே சேத்துக்கும்.”

“அதுவே சேத்துக்கும். நல்லாருக்கு. பதினஞ்சு வருஷமா வெறுந்தலையோட நான் அதுல கை வெச்சதில்லமா.”

“அப்ப எனக்கும் ஹெல்மெட் வேணுமா?”

“நீ இந்த டீமே இல்லியே. உனக்கு எதுக்கு?”

அவருக்கு ஒரு ஹெல்மெட் தேடி தாரணி கீழே ஓடினாள். பிரியாணி டெலிவரிக்கு வந்திருந்த சுந்தரமூர்த்தியிடம் பத்து நிமிடம் என்று கெஞ்சி ஹெல்மெட்டை வாங்கினாள். அவர் நம்பவில்லை, கூடவே மேலே வந்தார்.

ஓஸ்வால்ட் முகர்ந்து பார்த்தார். “சால்னா வாசன அடிக்குது.” ஆனாலும் மாட்டிக்கொண்டார். தாடைவாரையும் இழுத்துப் பூட்டினார்.

“சார், அடுத்த ஆர்டர் வந்துடுச்சு,” என்றார் சுந்தரமூர்த்தி.

“சும்மா இருய்யா, சேவ் பண்ணிக்கினு இருக்கேன்.”

அவர் மேலே ஒரு வரியைத் திருத்தினார், தாரணி கீழே ஒன்றை. இருவரும் அனுப்பினார்கள். நிருபமா வந்து திரையை எட்டிப்பார்த்தபோது நாலுக்கு இரண்டு நிமிடம். இரண்டு திருத்தமும் அவரவர் பெயரோடு பத்திரமாக இருந்தன.

நிருபமா ஹெல்மெட்டையும் பார்த்தாள். “சரி தாரணி, நாளைலேர்ந்து நீ இந்த டீம்.”

ஓஸ்வால்ட் வாரைக் கழற்றி, ஹெல்மெட்டை அவள் தலையில் கவிழ்த்தார்.

“அப்ப இனிமே நீயும் போட்டுக்கினுதாம்மா திருத்தணும்.”

“மேடம்,” என்றார் சுந்தரமூர்த்தி, “அது என்னுது.”