கழுவிய பெயர்ப்பட்டைகள்

உலகிலுள்ள ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு, பெயருக்குரியதை அதனதன் இடத்தில் நிறுத்துவதே மனிதப் பிறவியின் தலையாய கடமை. அகில உலக முட்செடி ஆய்வு மன்றத்தின் தலைவர் இதை இரங்கல் கூட்டத்தில் எழுந்து நின்று, கண்ணாடியைக் கழற்றி, நிறுத்தி நிதானமாகச் சொன்னார். சொன்ன கையோடு, மறைந்தவரின் பெயர் என்று பொருளாளரின் பெயரைச் சொன்னார். பொருளாளர் முன்வரிசையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

மறைந்தவரின் மனைவி இரண்டாவது வரிசையில் இருந்தாள். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு முந்தைய நாட்களில் அழுகை வராமல் போனது மாதிரியே இதுவும் வராமல் போயிற்று.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு திங்கட்கிழமை காலை சட்டைக்கு மூன்றாவது பொத்தானைப் போட்டவர் நான்காவதைப் போடவில்லை. கட்டிலில் உட்கார்ந்தார், சாய்ந்தார், அவ்வளவுதான். அதன்பிறகு மூன்று மாதம் ஓடிவிட்டது. அவள் ஒரு பல் மருத்துவமனையில் கருவிகளைக் கழுவி, ஆவியில் வேகவைத்து, உறையிட்டு அடுக்குகிற வேலை பார்க்கிறாள். மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டு வெளியே வருகிறவர்கள் தங்கள் கன்னத்தைத் தாங்களே தட்டிப் பார்ப்பார்கள். யாரோ ஒருவருடைய கன்னம் மாதிரி இருக்கும். அவளும் அப்படித்தான் அவ்வப்போது தன்னைத் தட்டிப் பார்த்துக்கொண்டாள். அவருடைய செருப்பை எடுத்துப் பார்த்தாள். செருப்பாக இருந்தது.

நாத்தனாருக்கு இது பெரிய மனக்குறை. அண்ணன் போனதும் பத்து நாள் துணைக்கு இருக்கிறேன் என்று பெட்டியோடு வந்தவள், அண்ணி ஒரு பாட்டம் அழாமல் கிளம்புவதில்லை என்று இருந்துவிட்டாள். எந்நேரமும் தோளில் ஒரு துண்டு. அண்ணி வெங்காயம் நறுக்கினால்கூடப் பக்கத்தில் வந்து நின்று முகத்தை உற்றுப் பார்ப்பாள்.

அவர் விட்டுப்போனது நாற்பத்திரண்டு கள்ளிச்செடிகள். மூன்றாவது மாடி பால்கனியில், இரும்பு அடுக்குகளில், கை முஷ்டி அளவுத் தொட்டிகளில் இருந்தன. உருண்டை, தூண், பஞ்சுப் பொதி, தேள் கொடுக்கு என்று ஒவ்வொன்றும் ஒரு வடிவம். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை. ஐஸ்கிரீம் டப்பா மூடியை நீளவாக்கில் வெட்டி, அதில் செடியின் பெயரைப் பென்சிலால் அழுத்தி எழுதியிருப்பார். பேனா மை வெயிலுக்கு நிற்காது, பென்சில் நிற்கும் என்பது அவர் கொள்கை. பென்சில் நின்றது. ஆள்தான் நிற்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வேலை ஓடவில்லை. பால்கனியைத் துடைக்கப் போனவள் பட்டைகள் அழுக்காக இருப்பதைப் பார்த்தாள். நாற்பத்திரண்டையும் உருவி வாளியில் போட்டாள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாள். மண்ணை ஒட்டியிருந்த பாதியில் சுண்ணாம்பு மாதிரி ஏறியிருந்ததை இரும்பு நாரால் விட்டு வாங்கினாள். மூன்று முறை அலசி, துண்டில் வரிசையாகக் காயவைத்தாள். வேலை பார்க்கும் இடத்தில் தலைமை மருத்துவரே பாராட்டுகிற சுத்தம். காய்ந்த பிறகுதான், எது எந்தத் தொட்டியில் இருந்தது என்பது தனக்குத் தெரியாது என்று அவளுக்கு உறைத்தது.

மருத்துவமனையில் கருவிக்குச் சொந்த ஊர் கிடையாது; அளவுதான் கணக்கு. அதே முறையில் நீளமான பட்டைகளை உயரமான செடிகளுக்கும் குட்டையானவற்றைக் குள்ளச் செடிகளுக்கும் செருகிவிட்டாள். பார்வைக்கு முன்னைவிட ஒழுங்காகவே இருந்தது.

அப்படிச் செருகும்போதுதான் ஒன்று கையில் தட்டுப்பட்டது. மற்றதெல்லாம் வாயில் நுழையாத பெயர்கள், அன்னிய எழுத்து. இது மட்டும் தமிழில். ‘சிட்டு’ என்று இருந்தது.

சிட்டு என்பது அவள்தான். கல்யாணம் ஆன புதிதில் அவர் வைத்த பெயர். அப்போது அவள் நாற்பத்தாறு கிலோ. எழுபதைத் தாண்டிய பிறகும் அவர் மாற்றவில்லை. வீட்டுக்குள் மட்டும், கதவைச் சாத்திவிட்டுக் கூப்பிடுவார். வெளியே சொன்னால் ஊர் சிரிக்கும்.

பட்டையைப் பிடித்துக்கொண்டு அவள் வெகுநேரம் நின்றாள். ஒரு செடிக்குத் தன் பெயரை வைத்திருக்கிறார், சொல்லவில்லை. மரப்பு விடும்போது உதட்டோரம் முதலில் ஒரு எறும்பு ஊரும் என்பார்கள். அப்படி எதுவோ ஊர்ந்த மாதிரி இருந்தது. அது எந்தச் செடி என்று தெரிந்துவிட்டால் மீதியும் வந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

தெரியவில்லை. அதனால் தானே தேர்ந்தெடுத்தாள். அடக்கம் கருதி முதலில் ஒரு சப்பைச் செடியில் செருகிப் பார்த்தாள். மனம் ஒப்பவில்லை. பிடுங்கி, வெள்ளி முள்ளெல்லாம் பின்னல் போட்ட மாதிரி இருக்க, தலையைச் சுற்றி ரோஜா நிறப் பூ வளையம் வைத்திருந்த உருண்டையில் செருகினாள். இருக்கிற நாற்பத்திரண்டில் அதுதான் அழகு.

அடுத்த சனிக்கிழமை மன்றத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மன்றத்துக்கு மொத்தம் பதினோரு உறுப்பினர்கள். அதில் பத்துப் பேர் நிர்வாகிகள். பதினோராவது ஆள் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். செடிகளைப் பற்றி நிஜமாகவே தெரிந்தவர் என்பதால் அவருக்குப் பதவி எதுவும் கொடுத்திருக்கவில்லை. தலைவரோ ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். செடியைப் பார்க்கும் முன் அது எந்த அட்சரேகையில் வளர்வது என்று சொல்லிவிடுவார். மறைந்தவர் நினைவாக ஒரு கண்காட்சி; அதற்குப் பத்துச் செடிகளைத் தேர்வு செய்ய வேண்டும் என்று வந்த காரணத்தைக் கால் மணி நேரம் விளக்கினார்.

பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அடுக்கு அடுக்காக நடந்தார். பட்டையைப் படிப்பார், ஒரு பெருமூச்சு விடுவார், சொற்பொழிவு தொடங்கும். ஓரிடத்தில் பட்டை ‘கிழவர் கள்ளி’ என்று சொல்லப்படுகிற இனத்தின் பெயரைச் சொன்னது. உடம்பெல்லாம் நரைத்த முடியாகத் தொங்கும் என்பதால் அதற்கு அந்தப் பெயர். தொட்டியில் நின்றதோ மழமழவென்று மொட்டைத் தூண். தலைவர் ஒரு கணம்தான் தடுமாறினார்.

“இந்தத் தட்பவெப்பத்துல முடி கொட்டிடும்” என்றார். “அபூர்வமான நிலை. நானே ரெண்டு தடவைதான் பார்த்திருக்கேன்.”

கடிகாரக்காரர் மொட்டைத் தூணையும் தலைவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் வழுக்கையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

பூ வளைய உருண்டையிடம் வந்ததும் தலைவர் நின்றுவிட்டார். “இதென்ன, தமிழ்ல இருக்கு?”

அவள் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தாள். வாய் சொல்லிவிட்டது. “அவர் என்னைக் கூப்பிடுற பேரு.”

நாத்தனார் அவளைத் தலை முதல் கால் வரை ஒரு முறை பார்த்தாள். “உங்களையா அண்ணி? சிட்டுன்னா?”

தலைவருக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. அவர் முகம் மேடைக்குப் போய்விட்டது. மறைந்தவர் சத்தம் காட்டாமல் ஒரு புதிய கலப்பினத்தை உருவாக்கி, அதைத் தன் வாழ்க்கைத் துணைக்குக் காணிக்கை ஆக்கியிருக்கிறார். இது இந்த மன்றத்தின் வரலாற்றிலேயே முதல் முறை. இது உலகத்துக்குத் தெரிந்தாக வேண்டும். பேனர் அடிக்கப்படும். ஞாயிற்றுக்கிழமை அவளே இந்தத் தொட்டியை ஏந்தி மேடைக்கு வர வேண்டும், இரண்டு வார்த்தை பேச வேண்டும். நாத்தனார் துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். மேடையில், எல்லோர் முன்னாலும் என்றால் அவளுக்கும் திருப்திதான்.

அவளும் அதைத்தான் நினைத்தாள். அந்த மேடையில் தனக்கு வந்துவிடலாம். செருகியது தானே என்பதை அவள் மறக்கவில்லை; ஆனால் இத்தனை பெரிய மனிதர் பார்த்துச் சொல்கிறார், ஒருவேளை கை தானாகவே சரியான தொட்டிக்குப் போயிருக்கலாம்.

கடிகாரக்காரர் அதற்குள் சட்டைப் பையிலிருந்து வேலைக் கண்ணாடியை எடுத்து ஒற்றைக் கண்ணில் இடுக்கியிருந்தார். குனிந்து முள்ளின் அடிவரை பார்த்தார். அவருக்கு அது சங்கடமாக இருந்தது என்பது நிமிர்ந்தபோது தெரிந்தது.

“சார், இது கலப்பினம் இல்ல. மாமிலாரியா. எல்லாரும் மொதல்ல வாங்குற செடி. நான்தான் என் கடை ஜன்னல்லேருந்து பிரிச்சு அவருக்குக் கொடுத்தேன்.” பிறகு குரலைத் தணித்து, “அந்த மொட்டையும் கிழவர் இல்ல” என்றார்.

“அப்ப மெக்கானிக் தப்பா எழுதினார்ங்கிறீங்களா?” என்றார் தலைவர்.

“அவர் தப்பா எழுதுற ஆள் இல்ல.”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

“நான் கழுவினேன்” என்றாள்.

“எதை?”

“எல்லாத்தையும்.”

தலைவர் கைக்குக் கிடைத்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். படையெடுத்து வந்தவர்கள் நூலகங்களை எரித்ததைப் பற்றி அவர் வகுப்பில் நடத்தியதுண்டாம். ஆனால் இப்படி ஒரு அழிவு, அதுவும் சோப்பு போட்டு, இப்போதுதான் கேள்விப்படுகிறாராம். நாத்தனார், டீ வைக்கட்டுமா என்று கேட்டாள். சர்க்கரை இல்லாமல் என்றார் தலைவர், அந்தத் துயரத்திலும்.

கடிகாரக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பட்டைகள் எல்லாவற்றையும் உருவித் தரையில் பரப்பினார். ஒரு பட்டையை எடுப்பார், அடுக்குகளை ஒரு சுற்றுப் பார்ப்பார், போய்ச் செருகுவார். சில செடிகளை முள் எண்ணிக்கையை வைத்துக் கண்டுபிடித்தார். சிலவற்றைக் காய்ந்துபோன பூக்காம்பை வைத்து. ஒன்றை முகர்ந்தே பார்த்தார். தலைவர் முக்காலியில் இருந்தபடி ஒவ்வொன்றுக்கும், “அதைத்தான் நானும் நெனச்சேன்” என்று அனுமதி வழங்கினார். கிழவர் மேல் தட்டில், முழு நரையோடு, பாதுகாப்பாக இருந்தார். இதுநாள் வரை அவர் மேல் செருகியிருந்தது ஏதோ ஒரு குழந்தைச் செடியின் பெயர்.

ஒன்றரை மணி நேரத்தில் நாற்பத்தொன்று முடிந்தது. ஒரு பட்டை மிஞ்சியது. ஒரு தொட்டியும் மிஞ்சியது.

கீழ்த்தட்டில், மூலையில், மற்ற தொட்டிகளுக்குப் பின்னால் இருந்தது. கூழாங்கல்லும் மண்ணும். நடுவில் பழுப்பாக, நட்சத்திர வடிவில், பாதி மண்ணுக்குள் அமிழ்ந்த ஒன்று. செடி என்று சொன்னால்தான் செடி.

கடிகாரக்காரர் மண்டியிட்டார். “அரியோகார்பஸ்” என்றார். குரல் மாறியிருந்தது. “விதையிலேருந்து வளர்த்தாரு. பதினெட்டு வருஷம். இது ஒரு விரல் அகலம் ஆகவே பத்து வருஷம் எடுக்கும். என் கடைக்கு வந்தா வேற பேச்சே கிடையாது, இதைப் பத்தித்தான். இதுக்குப் பேர் எழுதி வெக்கணும்னே அவருக்குத் தோணியிருக்காது.”

தலைவர் முக்காலியை விட்டு எழுந்தார். பேனருக்கு மறுபடி உயிர் வந்துவிட்டது. பூவுக்கும் பகட்டுக்கும் மயங்காமல், தன் உயிருக்கு உயிரான ஒன்றுக்கு, பதினெட்டு ஆண்டு காத்து வளர்த்த ஒன்றுக்கு அல்லவா அந்த மாமனிதர் மனைவியின் பெயரை வைத்திருக்கிறார். இது முன்னதைவிட உயர்வு. கலப்பினத்தை அடித்துவிட்டுக் காதல் என்று போடச் சொல்லலாம்.

அவளும் வந்து தரையில் உட்கார்ந்தாள். அந்தப் பழுப்பு நட்சத்திரத்தைப் பார்த்தாள். பூ உருண்டையைத் தான் தேர்ந்தெடுத்ததற்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்று ஒன்று வந்ததே பரவாயில்லை என்றும் இருந்தது. கழுத்துக்குக் கீழே எங்கோ எதுவோ இளகத் தயாராக நின்றது. நாத்தனார் துண்டை விரித்துப் பிடித்தாள்.

கடிகாரக்காரர் பட்டையைச் செருகப் போனவர் நிறுத்தினார். ‘சிட்டு’வுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி, அதற்கு ஒரு வால். காற்புள்ளி. பெயருக்குப் பின்னால் யாரும் காற்புள்ளி போட்டு விடுவதில்லை. பட்டையின் கீழ்ப்பாதியை, இரும்பு நார் தேய்த்த இடத்தை, வெயிலுக்குச் சாய்வாகப் பிடித்துக் கண்ணாடியை ஒட்டவைத்தார். பென்சில் கரி போயிருந்தது. அழுத்தி எழுதிய தடம் இருந்தது.

“என்ன போட்டிருக்கு?” என்றாள் அவள்.

அவர் பட்டையை இன்னும் கொஞ்சம் சாய்த்தார். பிறகு, பழுதை வாடிக்கையாளரிடம் சொல்லும் குரலில் படித்தார். “சிட்டு, இதுக்கு மட்டும் தண்ணி ஊத்தாத.”

 தலைவர் டீ தம்ளரின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க இதைப் படிச்சதே இல்லியா அண்ணி?” என்றாள் நாத்தனார்.

“பட்டைன்னா செடியோட பேருதான்னு நெனச்சேன்.”

கடிகாரக்காரர் ஒரு விரலால் நட்சத்திரத்தை மெல்ல அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று. மேலே வெறும் தோல்தான் இருந்தது. அழுகி எட்டு மாதமாவது இருக்கும் என்று மதிப்பிட்டார்.

“அப்ப அவர் இருந்தாரே” என்றாள் அவள். “அவருக்குத் தெரியுமா?”

“தெனம் பாக்குறவரு. தெரியாம இருக்காது.”

“என்கிட்ட ஒண்ணும் சொல்லல.”

“என்கிட்டயும் சொல்லல. நல்லா இருக்குன்னுதான் சொன்னாரு.”

இறந்த செடிகளைக் கண்காட்சியில் வைக்க விதிமுறையில் இடமில்லை என்று தலைவர் வருத்தத்துடன் தெரிவித்தார். நாத்தனார் அண்ணியின் முகத்தையே பார்த்தபடி துண்டோடு நின்றாள். முகம் எப்போதும் போலத்தான் இருந்தது.

கடிகாரக்காரர் விரலை வெளியே எடுத்துப் பார்த்தார். மண் ஒட்டியிருந்தது. சொதசொதவென்று ஈரம்.

அன்று காலையும் அவள் வழக்கம்போல அதற்கு ஒரு தம்ளர் ஊற்றியிருந்தாள்.