பெருக்கல் குறி போட்ட கதவுகள்

மாநகராட்சி சுகாதார அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் உட்கார்ந்து, நகரத்தை நூற்றுப் பத்துத் துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் சாயம் பூசுவதுதான் அவள் உத்தியோகம். எங்கே வருமானம் குறைவு, எங்கே பிள்ளைகள் படிப்பதில்லை, எங்கே நோயாளிகள் அதிகம் என்று வீடு வீடாகக் கேட்டு வந்த படிவங்களைக் கணினிக்குள் தள்ளுவாள். நிலைமை மோசமென்றால் சிவப்பு, சுமாரென்றால் மஞ்சள், கவலையில்லை என்றால் பச்சை. இருபத்திரண்டு வருடம் இதையே பார்த்ததில், கடையில் தக்காளியைக் கண்டால்கூட அவளுக்கு அலுப்பு வந்தது.

இந்தத் தடவை வரைபடத்தை நம்பி ஒரு காரியம் இருந்தது. நுரையீரல் வைத்தியத்துக்கென்று டாக்டரும் ஆக்சிஜனுமாக ஒரே ஒரு வண்டி வந்திருந்தது. நோய்க் கணக்கில் மிகவும் சிவந்த ஐந்து பகுதிகளில் மட்டும்தான் அது நிற்கும். அக்கா குடியிருக்கும் பழைய பஞ்சாலைக் குடியிருப்பு, எழுபத்தாறாம் பகுதி, பச்சையாக வந்து உட்கார்ந்திருந்தது. முப்பது வருடம் பஞ்சுத் தூசியை விழுங்கிய ஜனங்கள் இருக்கிற இடம் பச்சையாம்! கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். பிசகு இல்லை. சாயத்தை மட்டும் மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று மனசு ஒரு கணம் சபலப்பட்டது. கை வரவில்லை.

மத்தியானம் அக்காவுக்கு மாத்திரை கொடுக்கப் போனாள். வேலை கழுத்தை நெரித்ததில் ஒரு மாதமாக அவளுக்குப் பதில் அவள் கணவர்தான் சாவியோடு போய் வந்துகொண்டிருந்தார். அன்று அவர் வெளியூரில், சாவியும் அவர் பையில். நான்கு மாடி ஏறி மணியை அடித்தாள். சத்தமே இல்லை. மறுபடி அடித்தாள். எதிர்வீட்டுக் கதவுக்குப் பின்னால் தையல்காரர் இருமினார், பழைய துணியைக் கிழிக்கிற மாதிரி. அவர் கதவில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. அக்கா கதவிலும் ஒன்று. பூட்டிய வீடு என்பதற்குக் கணக்கெடுப்பவர்கள் போடும் குறி அது.

கதவு திறக்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

"என்னக்கா, தூங்கிட்டியா?"

"தூக்கமாவது! மணி அடிச்சதுமே கிளம்பிட்டேன்டி. கட்டில்ல இருந்து நாற்காலி, நாற்காலில இருந்து சுவரு. நான் பாசஞ்சர் வண்டி, எல்லா ஸ்டேஷன்லயும் நின்னுதான் வருவேன்." அக்கா சிரிக்கப் போய் இருமினாள். "போன மாசம் உங்க ஆபீஸ் பொண்ணு ஒண்ணு வந்துச்சு. நான் திறக்கிறதுக்குள்ள கீழ இறங்கிடுச்சு. கூப்பிடலாம்னா குரல் எங்க வருது?"

அவள் திரும்பிக் கதவிலிருந்த குறியைப் பார்த்தாள். இரண்டு முறை மணி அடி, இரண்டு நிமிடம் நில், திறக்காவிட்டால் குறியைப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போ. கணக்கெடுப்பைச் சீக்கிரம் முடிக்க அந்த விதியை எழுதியதே அவள்தான். மூச்சு இருப்பவன் ஓடி வந்து திறந்து, எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிக் கணக்கில் ஏறிவிட்டான். மூச்சில்லாதவன் கதவை நோக்கி நடந்துகொண்டிருக்கும்போதே விட்டுப்போய்விட்டான். என்ன கெட்டிக்காரத்தனம்! இறங்கும்போது எண்ணிக்கொண்டே வந்தாள். பதினாறு வீட்டில் ஒன்பது குறி.

"சாயங்காலம் மேலிடத்துக்கு அனுப்பணும்மா," என்றார் அலுவலகத்தில் அவள் சொன்னதைக் கேட்ட அதிகாரி. கெட்டவரில்லை, அவருக்கும் களைப்பு. "இப்பப் போய் தலையில குண்டைத் தூக்கிப் போடறீங்களே. எந்தப் புண்ணியவான் எழுதின விதி இது?"

"நான்தான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க தப்புன்னு எழுதிக் குடுங்க. நாலு நாள் தள்ளி வைக்கிறேன்."

எழுதிக் கொடுத்தாள். இத்தனை வருட வேலையில் முதல் கரும்புள்ளி. வெட்கமாகத்தான் இருந்தது. அதை நினைத்து வருத்தப்படத் தெம்பில்லை.

பூட்டியதாகக் குறித்த வீடுகளுக்கெல்லாம் மறுபடி ஆள் அனுப்பி, யார் எந்தத் தெரு என்று பிரித்துக் கொடுத்ததில், இரண்டு நாள் அக்காவை எட்டிப் பார்க்கக்கூட நேரமில்லை. மூன்றாம் நாள் அக்காவின் கட்டடத்தை அவளே எடுத்துக்கொண்டாள். மணியை அடித்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிடுவாள். ஒரு வீட்டில் நான்கு நிமிடம், ஒரு வீட்டில் ஒன்பது. ஒரு அம்மாள் கதவைத் திறந்து, "இன்னும் இருக்கீங்களா!" என்று அழுதேவிட்டாள். திறந்த கதவிலெல்லாம் ஈரத்துணியால் குறியைத் துடைத்தாள். படிவங்களைப் புரட்டினால் இருமல், இரைப்பு, இருமல். எழுபத்தாறு சிவந்துவிடும், வண்டி வரும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அக்காவைக் கீழே இறக்குவதற்கு ஒரு நாற்காலியும் இரண்டு ஆளும் பார்க்க வேண்டும்.

இரைத்துக்கொண்டிருந்த அக்காவை அதிகம் பேச விடாமல் அவள் படிவத்தை முடித்துவிட்டு, கடைசியாகத் தையல்காரர் வீட்டு மணியை அடித்துவிட்டு உட்கார்ந்தாள். பத்து நிமிடம். பதினைந்து. அவளுக்கு அவசரமில்லை. மனுஷர் மெதுவாக வரட்டும்.

அக்கா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "யாருக்காகடி உக்காந்திருக்க?"

"உஷ், வருவாரு. நேரமாகும்ல."

"அவரு போய்ச் சேந்துட்டாருடி, நேத்து காலையில எடுத்துட்டாங்க. சாவி அவரு மககிட்ட இருக்கு."

 அவள் படிவத்தை எடுத்து, பூட்டிய வீடு என்று எழுதினாள். ஈரத்துணியை மடித்துப் பைக்குள் வைத்தாள். அந்த ஒரு குறியை மட்டும் அழிக்க வேண்டியிருக்கவில்லை.