சுருளாத இருபது செடிகள்

சுருட்டைக்குத் தலைமுடி என்னவோ நூல் பிடித்த மாதிரி நேராகத்தான் இருந்தது. மூன்று வருடமாக இலை சுருளும் செடிகளைக் கட்டி அழுததில் ஆய்வகத்தில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அவள் ஆராய்ந்தது டிசிபி என்ற புரதக் குடும்பத்தை. செடிகளுக்கு மட்டுமே வாய்த்த குடும்பம். எந்த மரபணு எப்போது வேலை செய்ய வேண்டும், எப்போது வாயை மூட வேண்டும் என்று அதட்டுவதுதான் அதன் பிழைப்பு. இலை விளிம்பிடம் "வளர்ந்தது போதும், நிறுத்து" என்று சொல்வதும் அதுதான். அதை அடக்கிவிட்டால் விளிம்பு பாட்டுக்கு வளரும். நடுவில் இடம் அவ்வளவுதானே? விளிம்பு எங்கே போகும், பாவம்! கவுன் ஓரத்து ஃபிரில் மாதிரி நெளிந்துகொள்ளும்.

அவளுடைய ஆய்வேட்டைப் படித்த வெளித்தேர்வாளர் இதை நம்பவில்லை. "தண்ணீர் போதாமல் சுருண்ட இலைக்கு மரபணுவின் மேல் பழி" என்று எழுதி அனுப்பிவிட்டார், மகராசன். இன்று மூன்று மணிக்குச் செடிகளை நேரில் பார்க்க வருகிறார். அவர் உதட்டைப் பிதுக்கினால் பட்டம் போச்சு. அடுத்த மாதம் சேர வேண்டிய வேலையும் போச்சு.

பதினொரு மணிக்குச் செடியறைக்குள் நுழைந்தவள் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள். நாற்பது தொட்டிகளில் இருபது வெறும் மண்ணோடு நின்றன. சுருண்ட இருபதும் விளக்கடியில் சொகுசாக இருந்தன. மரபணுவில் கை வைக்காத சாதாரணச் செடிகள்தான் இல்லை.

"மாமா!"

செடியறையைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கையைத் துடைத்தபடி பெருமையாக வந்தார்.

"தட்டையா இருந்ததெல்லாம் எங்க?"

"புடுங்கிட்டேன். வர்றவர் பாக்குறதுக்கு முன்னாடி வீணாப்போனதை எடுத்துடுங்கன்னு உன் கைடு மேடம் சொன்னாங்க. நீயும் எவ்வளவு பாடுபட்டே! பாதி சுருளவே இல்லையேம்மா."

"ஐயோ மாமா, அது சுருளவே கூடாது! பக்கத்துல சாதாரண இலை இருந்தாத்தானே இது வேறன்னு காட்ட முடியும்?"

"அதை யாரு எங்கிட்ட சொன்னா? சுருண்டதைப் பாத்தா குதிக்கிறே. அதுங்களை ஒரு நாளாவது ஆசையாப் பாத்திருக்கியா?"

அளந்திருக்கிறாள், எழுதி வைத்திருக்கிறாள். ஆசையாகப் பார்த்ததில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பிடுங்கிய செடிகள் மூலையில் செய்தித்தாள் மேல் கிடந்தன. வாடினால் பையில் அடைப்பது சுலபம் என்று காலையிலேயே பரப்பி வைத்திருந்தார், புண்ணியவான். இலைகளெல்லாம் துவண்டு மடங்கியிருந்தன.

"பாரு, இப்ப இதுவும் சுருண்டுடுச்சு!" என்றார் மாமா உற்சாகமாக.

அவரை ஒரு வழி பண்ணத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். தண்ணீர் இல்லாமல் சுருண்ட இலை என்றால் இதுதானே!

"மாமா, பெரிய தட்டு ரெண்டு கொண்டாங்க. தண்ணி நிரப்புங்க. ஓடுங்க!"

ஒரு தட்டில் வாடிய இலைகளை மிதக்கவிட்டாள். மற்றதில் தொட்டிகளிலிருந்து வெட்டிய சுருண்ட இலைகள். பிறகு இருவரும் முக்காலியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தார்கள். ஒரு மணி. ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றரைக்கு ஒரு வாடிய இலை மெல்ல விரிந்தது. இரண்டரைக்குள் அந்தத் தட்டில் எல்லாம் அப்பளமாகத் தட்டை. மற்றத் தட்டில் ஒன்றுகூட நெளிவை விடவில்லை.

தேர்வாளர் வந்தார். எந்தத் தட்டில் எந்த இலை, எப்படிப் போட்டது என்று சுருட்டை சொன்னாள். நெளிந்த இலை ஒன்றை விரலால் அழுத்தினார், எடுத்தார். அது மறுபடி நெளிந்துகொண்டது. நான்கைந்து தடவை அழுத்திப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வாடவிட்டு, திரும்பத் தண்ணி குடுத்துக் காட்டுங்கன்னு கேக்கத்தான் வந்தேன். நீங்களே பண்ணி வச்சிருக்கீங்க. யாரோட யோசனை?"

சுருட்டை வாயைத் திறப்பதற்குள் கதவோரத்திலிருந்து குரல் வந்தது.

"நம்ம யோசனைதான் சார். காலையிலேயே தோணிடுச்சு."

சுருட்டைக்கு அவரைக் கிள்ளி வைக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. கையெழுத்து விழும்வரை இரண்டையும் அடக்கிக்கொண்டாள்.

மறுநாள் அவள் இருபது தொட்டிகளில் சாதாரண விதை போட்டாள். ஒவ்வொன்றிலும் மாமாவைத் தன் கையாலேயே சீட்டு எழுதி ஒட்டச் சொன்னாள். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, இருபது தடவையும் ஒரே மாதிரி எழுதினார்: "இது சுருளாது. சுருளாம இருக்குறதுதான் இதோட வேலை."